ஒருநாள் விட்டு ஒருநாள் பகை

கப்பல் ஏஜென்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளிடம் கொஞ்சம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். கப்பலுக்குத் தண்ணீர் ஏற்றுவதையும் சுங்கத்தில் தாள் கொடுப்பதையும் உங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும். என்னைவிட நன்றாகவே சொல்லித்தரும். அதனால் அந்தப் பக்கமே நான் போகப்போவதில்லை. நான் செய்த ஒரு கிறுக்குத்தனத்தைச் சொல்லப்போகிறேன். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஒரு சமையல்காரரை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்த கதை. கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். போனை மட்டும் உள்ளே வையுங்கள்.

1978 டிசம்பர். எனக்கு இருபத்தாறு வயது. போர்டிங் கிளார்க். கப்பல் வந்தால் முதலில் ஏறுகிறவன், புறப்பட்டால் கடைசியில் இறங்குகிறவன், நடுவில் யார் தப்புச் செய்தாலும் திட்டு வாங்குகிறவன். அந்த மாதம், மன்னார்க் கடலில் இன்ஜின் செத்துப்போன ஒரு மீன்பிடிக் கப்பலை வேறொரு கப்பல் கட்டி இழுத்துவந்து தூத்துக்குடியில் விட்டுவிட்டுப் போனது. தைவான் கப்பல். பதினோரு பேர். இன்ஜினுக்குச் சாமான் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்கள் ஏஜென்சி தலையில் விழுந்தது.

உங்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தைவான் ஒரு தீவு. தன்னைத் தானே ஆண்டுகொள்கிறது. சீனாவோ, அது என் மாகாணம் என்கிறது. அந்தக் காலத்தில் தைவானும் சும்மா இல்லை, முழுச் சீனாவுக்கும் நான்தான் உண்மையான அரசாங்கம் என்றது. நம் டில்லி சீனாவை ஒத்துக்கொண்டது, தைவானை ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாத நாட்டின் பாஸ்போர்ட் நம் ஊரில் வெறும் நோட்டுப் புத்தகம். ஆகவே பதினோரு பேரும் துறைமுகத்தைத் தாண்டி ஊருக்குள் கால் வைக்கக்கூடாது.

முதல் சிக்கல், ஆட்கள் பட்டியலில். 'நாடு' என்ற இடத்தில் 'சீனா' என்று எழுதினேன். மீன்பிடிக் கப்பலின் கேப்டன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். 'தைவான்' என்று எழுதினேன். அப்படி ஒரு நாடே எங்கள் பட்டியலில் இல்லை என்று நம் அதிகாரி தாளைத் திருப்பித் தள்ளினார். கட்டத்தைக் காலியாக விட்டேன். காலியாக இருந்தால் வாங்க மாட்டேன் என்றார். மூன்று நாள் இப்படியே அலைந்தேன்.

எங்கள் மேனேஜர் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவர் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். உடன்குடிப் பக்கத்து ஆள். பெரிய படிப்பெல்லாம் இல்லை. அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஏலே, அவன் எந்த ஊர்க்காரன்?"

"காவ்சியுங்னு ஒரு துறைமுகம் சார்."

"அந்த ஊர் பேர எழுது. நாடு இல்லம்பானுவ. ஊரு இல்லன்னு எவன் சொல்லுவான்?"

எழுதினேன். கேப்டன் கையெழுத்துப் போட்டார். அதிகாரி முத்திரை குத்தினார். காவ்சியுங் என்பது நாடா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெயரில் சண்டை வந்தால் ஊரை எழுதுங்கள், பிள்ளைகளா. ஊரை மறுக்க யாருக்கும் மேலிடத்து உத்தரவு வராது.

அவர்கள் பேசுவது எங்களுக்குப் புரிய வேண்டுமே. அதற்கு ஒருவர் கிடைத்தார். டவுனில் அப்போது ஒரு சீனப் பல் டாக்டர் இருந்தார். அவருடைய அப்பா எங்கெங்கோ சுற்றி இங்கே வந்து கடை போட்டவர். இவர் பிறந்ததே தூத்துக்குடியில். முகம் சீனம், வாய் முழுக்க நம் ஊர். அறுபத்திரண்டில் சீனாவோடு சண்டை நடந்த வருஷத்திலிருந்து மாதா மாதம் போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனுஷன். "தம்பி, இதுல எனக்கு ஒரு வம்பும் வராதுல்லா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் வந்தார். வந்த முதல் நாளே கேப்டனின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார், அதற்குப் பிறகு அவர்களுக்கு அவர் தெய்வம்.

ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் கந்தகம் ஏற்றிக்கொண்டு சீனாக் கப்பல் ஒன்று வந்தது. அதற்கும் நாங்கள்தான் ஏஜென்சி. துறைமுகத்தில் இடமில்லாமல், தைவான் கப்பலுக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டார்கள். நடுவில் நாற்பது அடிகூட இருக்காது.

அந்தக் கப்பலில் ஒரு கேப்டன் இருந்தார். கேப்டன் ஒழுங்காக யோசிக்கிறாரா என்று பார்க்க இன்னொருவர் இருந்தார், அவர்தான் அரசியல் அதிகாரி. ஒல்லியான ஆள், சட்டைப்பையில் இரண்டு பேனா. ஏறியதும் எனக்குத் தேநீர் கொடுத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். தைவான் கொடி பறக்கிறது. தேநீரைத் திரும்ப வாங்கிக்கொள்ளாத குறைதான்.

"அந்தக் கொடியை இறக்கச் சொல்லு, இல்லன்னா கந்தகம் இறக்க மாட்டேம்னு சொல்லுதாரு," என்றார் பல் டாக்டர். "அது கொள்ளைக்காரக் கும்பலோட கொடியாம். அவங்கள சீக்கிரமே விடுதலை பண்ணப்போறாவளாம்."

இந்தப் பக்கம் தைவான் கேப்டனிடம் போனால், கொடியை இறக்கினால் ஊருக்குப் போனதும் என் தலையை இறக்கிவிடுவார்கள் என்கிறார். மறுபடி மேனேஜர். அவர் இரண்டு கப்பலையும் கரையில் நின்றபடியே பார்த்தார்.

"அவனுவ துணி தொவைக்கதே இல்லையாலே?"

"தொவைக்காங்க சார்."

"அத அந்தக் கயித்துல காயப்போடச் சொல்லு. கொடியும் இறங்கல, கண்ணுக்கும் தெரியாது."

பதினோரு பேருடைய பனியனும் கால்சட்டையும் கொடிக் கயிற்றில் ஏறின. அரசியல் அதிகாரி வந்து பார்த்தார். எனக்குத் துணிதான் தெரிகிறது என்றார். கந்தகம் இறங்க ஆரம்பித்தது. ஆனாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் எங்களுக்குப் புகார்க் கடிதம் வந்துகொண்டிருந்தது. அவர்கள் ரேடியோ சத்தமாக இருக்கிறது, மீன் பொரிக்கிற புகை எங்கள் பக்கம் வருகிறது, இப்படி.

மீன் பொரித்தவர்தான் லின். சமையல்காரர். நாற்பத்தேழு வயது இருக்கும், ஆனால் அறுபது போலத் தெரிவார். என்னைக் கண்டால் ஒரு கிண்ணம் சோறும் மீனும் வைக்காமல் விடமாட்டார். அவர் பிறந்தது தைவானில் இல்லை. எதிர்க்கரையில், சீனாவில், கடலோரத்தில் ஒரு கிராமம். பதினெட்டு வயதில் ஒரு படகில் தீவுக்குப் போயிருக்கிறார். போன இடத்தில் இருக்கும்போதே சீனாவின் உள்நாட்டுச் சண்டை முடிந்து, கடல் அடைபட்டுவிட்டது. இந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், அந்தப் பக்கம் ஒரு அரசாங்கம். அம்மாவைப் பார்த்து இருபத்தொன்பது வருஷம்.

அவர் சொன்ன ஒன்றை நான் இன்றைக்கும் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். சீனக்கரையை ஒட்டித் தைவான் கையில் ஒரு சின்னத் தீவு இருந்தது. சீனா அதன்மேல் இருபது வருஷமாகக் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. எப்படி? ஒற்றைப்படைத் தேதியில் மட்டும். இரட்டைப்படைத் தேதியில் லீவு. லீவு நாளில் சனங்கள் சந்தைக்குப் போவார்கள், கல்யாணம் வைப்பார்கள். குண்டுக்குள்ளேயும் பெரும்பாலும் வெடிமருந்து கிடையாது, நோட்டீஸ்தான்.

"முப்பத்தொண்ணாந் தேதியும் ஒண்ணாந் தேதியும் அடுத்தடுத்து வந்தா என்ன செய்வானுவ, கேளுங்க டாக்டரண்ணாச்சி," என்றேன்.

அவர் கேட்டார். லின் யோசித்துவிட்டு, "ரெண்டு நாளும் வீட்டுலயே இருப்பாவ" என்றார். சிரிக்கவே இல்லை.

அந்த லின்தான் ஒருநாள் சட்டைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அம்மாவுக்கு எழுதியது. அம்மா உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாது. தபாலில் போட முடியாது, ஏனென்றால் அவர் ஊர்ப் பெயரையே மாற்றிவிட்டார்கள், கம்யூன், எண் என்று என்னவோ வைத்துவிட்டார்களாம். அந்தப் பக்கத்து ஆள் யாராவது விலாசம் போட்டுக் கொடுத்தால்தான் போய்ச் சேரும். சீனாக் கப்பலில் அந்த ஜில்லாக்காரர் ஒருவர் இருப்பதை அவர்கள் சத்தம்போட்டுப் பேசுவதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். நான் அந்தக் கப்பலுக்குத் தினமும் போகிறவன். கொடுக்க முடியுமா என்று கேட்டார். கேட்கும்போது கிண்ணத்தில் இரண்டு மீன் கூடுதலாக வைத்தார், பாவம்.

நான் அரசியல் அதிகாரியிடம் கேட்டேன். யார் கடிதம் என்று சொல்லவில்லை. அந்த மட்டுக்காவது புத்தி இருந்தது. அவர் காதில் விழாத மாதிரி இருந்தார். மறுபடி கேட்டேன். "கொள்ளைக்காரக் கும்பலோட தபால் கிடையாது" என்றார். அவ்வளவுதான். லின்னிடம் வந்து சொன்னபோது தலையை ஆட்டினார், கடிதத்தைத் திரும்பச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

புத்தாண்டு பிறந்தது. ஒன்றாந்தேதி காலையில் அந்தக் கப்பலில் ஏறுகிறேன், அரசியல் அதிகாரி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது. அவர்கள் நாட்டு ரேடியோவில் அரசாங்கத்தின் அறிவிப்பு வந்திருக்கிறது. இனிமேல் தைவான் மக்கள் கொள்ளைக்காரக் கும்பல் இல்லை, அருமைச் சகோதரர்கள். குண்டு போடுவதை நிறுத்தியாயிற்று, ஒற்றைப்படைக்கும் சேர்த்து லீவு. தபால் போகட்டும், கப்பல் போகட்டும், உறவுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

நாற்பது அடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பனியன்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"நம்ம சகோதரர்கள் துணி சுத்தமாவே இல்லையே, சோப்பு இல்லையான்னு கேக்காரு," என்றார் பல் டாக்டர். அவர் குரலே மாறிப்போயிருந்தது. ஒரு பெட்டி சோப்பு வந்தது. தேயிலை வந்தது. காலண்டர் வந்தது. அப்புறம் கேட்டார்: "அன்றைக்கு ஒரு கடிதம் என்றாயே, அது எங்கே? யார் எழுதியது?"

இங்கேதான் நான் சறுக்கினேன். சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது. லின் பெயர், அவர் ஊர், அம்மா, இருபத்தொன்பது வருஷம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதிகாரி கண்கலங்கினார். இதைச் சும்மா விடக்கூடாது, எல்லோர் முன்னாலும் அந்தக் கடிதத்தை வாங்க வேண்டும், போட்டோ எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும் என்றார். மேனேஜர் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் நம் ஊர்க்காரன் புத்தியைக் காட்டினேன். நல்ல காரியம் என்றால் நமக்கு என்ன வேண்டும்? பந்தல் வேண்டும். மைக்செட் வேண்டும். மாலை, சந்தனம், பன்னீர்ச் செம்பு. மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு கப்பலுக்கும் நடுவில், கரையில் ஷாமியானா போட்டு, ஐம்பது நாற்காலி விரித்து, ஸ்டூடியோக்காரரை வரவழைத்து, நானே மைக்கைப் பிடித்து 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொன்னேன். கந்தகம் இறக்குகிற ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பல் டாக்டர் மீன்பிடிக் கப்பலுக்குப் போனார். போனவர் பத்து நிமிஷத்தில் வெளிறிப்போய்த் திரும்பினார்.

"ஏலே, என்ன காரியம்லே செஞ்சு வச்சிருக்க! அவன் மீன் கெடங்குக்குள்ள எறங்கி ஐசுக்கு மேல ஒக்காந்திருக்கான். வெளியவே வரமாட்டேங்கான்."

"ஏன் அண்ணாச்சி? சகோதரர்னு சொல்லிட்டாவளே!"

"சொன்னது இவிய. அங்கன யாரு சொன்னா? அவன் ஊருல ராணுவச் சட்டம். இந்தப் பக்கத்து ஆள்கூட கைகுலுக்குனதா ஒரு போட்டோ போனாப் போதும், பத்து வருசம் உள்ள வச்சிருவானுவளாம். அவனுக்குப் பொண்டாட்டி இருக்கா, ரெண்டு புள்ள இருக்கு. கடுதாசியே எழுதலன்னு சொல்லுதான். தனக்கு அம்மாவே கெடையாதுன்னு சொல்லுதாம்லே!"

என் கையில் மைக் இருந்தது. அது 'கொய்ங்' என்று கத்தியது. அதற்குள் தைவான் கேப்டன் ஏறுபலகையை இழுத்துக்கொண்டார். இந்தப் பக்கம் அரசியல் அதிகாரி புதுச்சட்டை போட்டு, கையில் சோப்புப் பெட்டியோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். ஸ்டூடியோக்காரர் யாரை முதலில் எடுக்கட்டும் என்று கேட்கிறார். கடல் ஆழமாகத்தான் இருந்தது, குதித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். சும்மா சொல்லவில்லை, அவ்வளவு வெட்கமாக இருந்தது. ஒரு மனுஷன் தன் அம்மாவையே இல்லை என்று சொல்லும்படி செய்துவிட்டேனே.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்துசேர்ந்தார், கல்யாண வீட்டு வெற்றிலையோடு. பந்தலைப் பார்த்தார், ஏறுபலகை இல்லாத கப்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தேன். என்னைத் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு மைக்கை வாங்கினார்.

"சீனாக் கப்பல்லேர்ந்து கந்தகத்த சேதாரமில்லாம எறக்கித் தந்த நம்ம தொழிலாளத் தோழர்களுக்கு, அந்தக் கப்பல் அதிகாரி அவர்கள் இப்ப மரியாதை செய்வாவ! மேஸ்திரி, முன்னால வாரும்!"

மேஸ்திரி திகைத்துப்போய் எழுந்துவந்தார். லின்னுக்கு வாங்கிய மாலை அவர் கழுத்தில் விழுந்தது. 'தொழிலாளர்' என்று பல் டாக்டர் மொழிபெயர்த்ததும் அரசியல் அதிகாரியின் முகம் மலர்ந்தது. சகோதரர் கிடைக்காவிட்டால் என்ன, தொழிலாளி கிடைத்தாரே, அதுவும் அவர்கள் புத்தகத்தில் பெரிய விஷயம். கந்தகம் இறக்கிய அறுபது பேருக்கும் ஆளுக்கொரு சோப்புக் கட்டி, காலண்டர். ஸ்டூடியோக்காரர் எடுத்துத் தள்ளினார். நம் ஆட்களும் கைதட்டினார்கள், எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நல்லது செய்யணும்னா மொதல்ல மைக்க எடுக்கப்படாது," என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

மத்தியானம் பல் டாக்டர் தனியாகப் போய், கிடங்குக்கு மேலே குனிந்து அரைமணி நேரம் பேசினார். லின் நடுங்கிக்கொண்டே மேலே வந்தார். மேனேஜர் சொல்லி அனுப்பிய யோசனை இது: கடிதத்தில் கப்பல் பெயர் வேண்டாம், தைவான் என்ற சொல்லே வேண்டாம். அனுப்புகிறவர் எங்கள் ஏஜென்சி, தூத்துக்குடி. பதில் வந்தாலும் எங்கள் ஆபீசுக்கு வரும், நாங்கள் வேறு உறையில் போட்டு அனுப்புவோம். லின் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். லின் பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

மேனேஜர் அதை ஒளித்துக் கொண்டுபோகவில்லை. இதைக் கவனியுங்கள். நேரே சுங்க சூப்பரின்டெண்டிடம் கொண்டுபோய்க் காட்டி, ஏஜென்சி தபால் என்று முத்திரை வாங்கினார். அப்புறம்தான் அரசியல் அதிகாரியை ஆபீசுக்கு அழைத்து, கதவைச் சாத்தி, மேசைமேல் வைத்தார். அவர் தொடவில்லை. ஒரு சிகரெட் முழுக்கப் பிடித்தார்.

"இந்தக் கடிதம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார்.

"தூத்துக்குடியில இருந்து," என்றார் மேனேஜர்.

அதிகாரி இன்னொரு சிகரெட் பற்றவைத்தார். மெதுவாக ஏதோ சொன்னார். பல் டாக்டர் சொல்லத் தயங்கிச் சொன்னார். "போன வாரம் இத வாங்கியிருந்தா என் வேலை போயிருக்கும். இந்த வாரம் வாங்காட்டியும் வேலை போயிரும். அடுத்த வாரம் எப்படின்னு யாருக்குத் தெரியும்? அதுக்குள்ள அந்த அம்மா செத்துப்போயிரும்னு சொல்லுதாரு." பிறகு அதிகாரி தன் பேனாவை எடுத்தார், அந்த ஜில்லாக்காரரை வரவழைத்து விலாசம் கேட்டு உறைமேல் எழுதினார், சட்டைக்குள் வைத்துக்கொண்டார். போட்டோ கேட்கவில்லை.

சீனாக் கப்பல் போனது. இன்ஜின் சாமான் வந்து தைவான் கப்பலும் போனது. மே மாதத்தில் எங்கள் ஆபீசுக்குச் சீனாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினேன். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார், அவரை அப்படியே விட்டுவிட்டுப் படித்தார்.

அம்மா உயிரோடு இருந்தாள். பள்ளிக்கூட வாத்தியாரை வைத்து எழுதியிருந்தாள். என் மகன் சமையல்காரன் என்று எழுதியிருக்கிறது. என் மகனுக்கு அடுப்புப் பற்றவைக்கவே தெரியாது. நீங்கள் யார்? எதற்காக ஒரு கிழவியை ஏமாற்றுகிறீர்கள்? அவன்தான் என்றால், வீட்டைவிட்டுப் போன அன்று என்னிடம் கடைசியாக என்ன சொன்னான், அதை எழுதட்டும்.

வேறு உறையில் போட்டு காவ்சியுங்குக்கு அனுப்பினேன். பதில் வர நான்கு மாதம் ஆனது. அதையும் பல் டாக்டர்தான் படித்தார். ஒரே ஒரு வரி.

"என்ன அண்ணாச்சி எழுதியிருக்காரு?"

"ஒண்ணும் சொல்லலையாம். அன்னைக்கு அம்மாகூட சண்டையாம். கூப்பிட்டாளாம், திரும்பிப் பாக்காமப் போயிட்டேம்னு எழுதியிருக்கான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏமாத்துறவனா இருந்தா நல்லதா நாலு வார்த்தை எழுதியிருப்பாம்லே. இது மகன்தான். போ, சீக்கிரம் தபால்ல போடு."